துரைசானியின் ஊரில் போணி

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து, எவ்வளவு அழகான ஊர் என்று என்னிடமே சொல்வார்கள். அழகான ஊர்தான். எனக்கு முதல் ஆத்திரமே அதுதான். சுற்றிலும் குன்று, நடுவில் ஆறு, ஆற்றின்மேல் கல்பாலம், நானூறு ஐந்நூறு வருஷத்துச் சந்தை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு எங்கள் அம்மாவின் மீன்கூடையில் பினாயில் ஊற்ற எப்படித்தான் மனசு வந்ததோ என்று, அங்கே இருந்த நாள் முழுக்க நினைத்து நினைத்துக் கொதித்தேன்.

நாங்கள் நொச்சிக்குப்பம். அப்பா கட்டுமரத்தில் போவார், அம்மா கூடை தூக்குவாள். கரைக்கு வந்த மீனை எடுத்துக்கொண்டு சாந்தோம் வழியாக நடந்து, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஆற்றங்கரையோரம் வெள்ளைக்காரர்கள் குடியிருந்த தெருவுக்குப் போவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். இது இருபதுகளின் கடைசியில். தெரு முழுக்கப் பெரிய பெரிய பங்களாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சமையற்காரர். முதல் பங்களாவில் ஒரு துரைசானி இருந்தாள். துரைக்கு ஏதோ பெரிய உத்தியோகம். அந்தத் துரைசானி வாங்கினால் மற்றச் சமையற்காரர்களும் வாங்குவார்கள். அவள் மூக்கைச் சுளித்தால் அவர்களும் சுளிப்பார்கள். ஆகவே அம்மா முதலில் கூடையை இறக்குவது அவள் வாசலில்தான்.

மீன் விற்கிறவர்களுக்குப் போணி என்பது சாமி காரியம். காலையில் முதலில் வந்து கேட்கிறவர் வாங்கியே ஆக வேண்டும். விற்கிறவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அவருக்கு விற்றுவிட வேண்டும். முதல் ஆள் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால் அன்றைய வியாபாரம் அத்தோடு போயிற்று. அம்மா ஞாயிறு பூசை தவறாதவள். சாமியார் எத்தனை தடவை சொல்லியும் போணி விஷயத்தில் மட்டும் அவள் மாறவில்லை. போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள்.

அந்தத் துரைசானி வாரத்தில் பாதி நாள் அம்மாவின் போணியைக் கெடுத்தாள். குடையின் முனையால் மீனைப் புரட்டுவாள். செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுவாள். பிறகு தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, "நம்ம ஊர் மார்க்கெட் மீன், அது மீன். இது பூனை சாப்பிடாது" என்று பட்லர் தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த ஊரில் கடிகாரம் வைத்த மண்டபம் உண்டாம், அதன் அடியில் சலவைக்கல் மேடை உண்டாம், அதன்மேல் மீன் பளபளவென்று இருக்குமாம். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த ஊர் ஜெபம்போல மனப்பாடம் ஆகிவிட்டது. மனசிருந்த நாட்களில் அவள் வாங்கவும் வாங்குவாள். அதனால்தான் அம்மா அந்த வாசலை விடவில்லை.

ஒரு நாள் கூடையில் முழு வஞ்சிரம் ஒன்று இருந்தது. பல நாள் கடல் கைவிட்டபின் அப்பாவுக்குக் கிடைத்தது. விடியற்காலையில் கரையேறிய மீன், கண் கண்ணாடி மாதிரி இருந்தது. துரைசானி வந்தாள், குடையால் குத்தினாள், வழக்கமான பாட்டைப் பாடினாள். அம்மா அதுவரை ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"மொத போணிம்மா. வேணான்னா தொடாதீங்க."

இவ்வளவுதான் சொன்னாள். துரைசானியின் முகம் சிவந்தது. உள்ளே போனாள். குளியலறைக்கு வைத்திருந்த பினாயில் புட்டியோடு திரும்பி வந்தாள். கெட்ட மீனை விற்றுத் தெருவுக்கே காலரா வரவழைக்கப் பார்க்கிறாயா என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டே கூடை முழுக்க ஊற்றினாள். ஈரமான மீன்மேல் பட்டதும் அது பால்போல வெளுத்து ஓடியது. பக்கத்துப் பங்களாச் சமையற்காரர்கள் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். 

அம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அந்த வெள்ளைத் தண்ணீர் ஒழுகி அவள் நெற்றியில் வழிந்தது, கண் எரிந்தது. பாலத்துக்கு வந்ததும் மீனை ஆற்றோரம் கொட்டினாள். காக்கை ஒன்று வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் கோபத்தில்.

அதற்குப்பின் அம்மா பாலத்தைத் தாண்டவே இல்லை. குப்பத்து ரோட்டோரத்தில் கோணியை விரித்து உட்கார்ந்து, மற்றவர்கள் விற்று மிச்சமான நேரத்தில் விற்றாள். எங்கள் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவளுக்குப் பினாயில்காரி என்று பெயர் வைத்தார்கள். வருஷக்கணக்கில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் காதில் விழும்படியே கூப்பிட்டார்கள். துரைக்கு உத்தியோகம் முடிந்து துரைசானி தன் அழகான ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். எங்களுக்கு அந்த நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் நன்றாகப் படித்தேன். எதற்காக இவ்வளவு ஆசையாகப் படிக்கிறாய் என்று ஒரு கன்னியாஸ்திரீ கேட்டார். வேதாகமம் படிக்க என்றேன். என்றைக்காவது ஒரு நாள் அந்தத் துரைசானியின் முகத்துக்கு நேரே, அவள் பாஷையிலேயே, அவள் வெட்கப்படும்படி பேச வேண்டும் என்பதுதான் உண்மை.

படிப்பு முடிந்து அடையாற்றிலேயே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். எஜமானி சின்ன வயசுக்காரி, தங்கமானவள், இரண்டு குழந்தைகள். முப்பதுகளின் நடுவில் ஒரு நாள், லீவுக்குச் சீமைக்குப் போகிறோம், என் தாய்வீடு இன்ன ஊருக்குப் பக்கத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நீயும் வருகிறாயா என்று கேட்டாள். அவள் சொன்னது அதே ஊர். யோசித்துச் சொல் என்றாள். நான் யோசித்து முடித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

வீட்டில் சொன்னபோது அப்பா பயந்தார். அம்மா மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போ. அந்த மார்க்கெட்ல மீன் எப்பிடி கீதுன்னு பாத்துக்கினு வா. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

கட்டுமரக்காரன் மகளைக் கப்பல் ஒன்றும் செய்யவில்லை. எஜமானிதான் படுத்த படுக்கையாக வந்தாள். இறங்கி, ரயிலேறி, மறுபடியும் ரயில் மாறி, ஒரு சாயங்காலம் அந்த ஊரைப் பார்த்தேன். துரைசானி பொய் சொல்லவில்லை. மண்டபம் இருந்தது, கனமான கல்தூண்கள்மேல் நின்றது. கடிகாரமும் இருந்தது. சந்தைத் திடலின் நடுவில் படிக்கட்டு வைத்த ஒரு கற்சிலுவை, தேய்ந்துபோன கல் பாவிய தரை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற பழைய வீடுகள். ஊருக்கு மேலே குன்றுகள். அவற்றில் கல்லை அடுக்கிச் சுவர் கட்டி ஆடு அடைத்திருந்தார்கள். உச்சியில் ஊதாப்பூ கம்பளம் விரித்ததுபோலக் கிடந்தது. சிலுவையைப் பார்த்ததும் கை தானாக நெற்றிக்குப் போனது. உடனே இறக்கிக்கொண்டேன். அந்த ஊரில் எதையும் கும்பிடுவதாக எனக்கு உத்தேசம் இல்லை.

எஜமானியின் தாய்வீடு குன்றின் சரிவில் இருந்தது. மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நாலு பக்கமும் பச்சை. எதையோ காணோம் என்று மனம் தேடியது. பிறகுதான் புரிந்தது, இரைச்சல் இல்லை. கடல் எந்தப் பக்கம் என்று எஜமானியின் தகப்பனாரைக் கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே ஏது கடல், ரயிலில் மணிக்கணக்கில் போனால்தான் கடல் என்றார். அப்படியானால் சந்தைக்கு மீன்? அதுவும் ரயிலில்தான் வருகிறது, ஐஸ் வைத்த பெட்டியில் என்றார்.

நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கடலே இல்லாத ஊர்க்காரி, கடற்கரையில் குடியிருக்கிறவளுக்கு மீன் பாடம் நடத்தியிருக்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபின் முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

சந்தை நாள் வந்தது. தகப்பனார் ஆட்டு விலை பார்க்க விடியற்காலையிலேயே மோட்டாரில் கிளம்பினார். குழந்தைகளுக்கு ஆடு காட்டுவதாகச் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அந்த ஊரின் போணியைக் கெடுப்பது.

இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அம்மாவின் பிழைப்பைக் கெடுத்தது அந்த முதல் கைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதே கையை அந்த ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

மண்டபத்தின் அடியில் மீன்காரர் அப்போதுதான் கடையைப் பரப்பிக்கொண்டிருந்தார். கொழுத்த ஆள், கோடு போட்ட ஏப்ரன். ஐஸ்மேல் மீனை அடுக்கி, இடையிடையே கொத்தமல்லி மாதிரி ஒரு தழையைச் செருகி அலங்காரம் செய்தார். வேறு யாரும் வரவில்லை, நான்தான் முதல் ஆள். குழந்தைகளை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, இருந்ததிலேயே பெரிய மீனின் செவுளைத் தூக்கினேன். உள்ளே பழைய ரத்தத்தின் பழுப்பு. கண் குழிவிழுந்து கிடந்தது. விரலால் அழுத்தினேன், அழுத்தின இடம் குழியாகவே நின்றது. எங்கள் குப்பத்தில் அந்த மீனைத் தென்னைக்கு உரமாகப் போடுவார்கள். துரைசானி சொன்ன பளபளப்பு முழுக்க ஐஸின் பளபளப்பு.

மீன்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். கை வைக்கக் கூடாது, எது வேண்டுமென்று சொல்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்றார். நான் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தேன். ஒன்றும் வேண்டாம் என்றேன். மனதுக்குள் அம்மாவை நினைத்துக்கொண்டு திரும்பினேன்.  செய்துவிட்டேன் என்று இருந்தது.

பிறகு கற்சிலுவையின் படியில் உட்கார்ந்து, அவர் வியாபாரம் படுப்பதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

படுக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த கிழவி வாங்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் வாங்கினாள். சற்று நேரத்தில் வரிசையே நின்றது. மீன்காரர் சீட்டியடித்துக்கொண்டு வெட்டினார், பொட்டலம் கட்டினார். என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். ஆடு பார்த்து அலுத்த குழந்தைகள் என் மடியில் ஏறி இறங்கின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போணி என்றால் என்னவென்றே தெரியாதவர்களை அது எப்படிப் பிடிக்கும் என்று எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

அப்போதுதான் வரிசையில் அவளைப் பார்த்தேன். தலை வெளுத்திருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. குடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அவள் முறை வந்ததும் பழைய பழக்கத்தில் குடை முனையை நீட்டி ஒரு மீனைப் புரட்டினாள். மீன்காரர் சீட்டியை நிறுத்தினார். இரண்டு கடைக்குக் கேட்கிற குரலில், குடையை எடுங்கள் அம்மா, எத்தனை தடவை சொல்வது, இங்கே யாரும் மீனைத் தொடக் கூடாது என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. எனக்கு நன்றாகப் பழக்கமான சிவப்பு. ஒரு சின்ன மீனை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

திரும்பும்போது என் புடவையைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆயா! மெட்ராஸ் ஆயா?" என்று ஓடிவராத குறையாக வந்தாள். அடையாறு என்றேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, துரை இறந்துபோனதையும், குளிரில் மூட்டு வலிப்பதையும், ஆற்றங்கரைப் பங்களாவையும் பற்றிப் பேசினாள். பிறகு கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டி, இது மீனே இல்லை என்றாள். அடையாற்றில் காலையில் ஒரு மீன்காரி வருவாள், அவள் கொண்டுவரும் வஞ்சிரம் மாதிரி நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்றாள்.

 அந்த மீன்காரி என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"திடீரென்று ஒரு நாள் வராமல் நின்றுவிட்டாள். அந்த ஜனங்களே அப்படித்தான், ஆயா. நம்ப முடியாது."

அவள் நடிக்கவில்லை. மறந்தே போயிருந்தாள். கூடையும் பினாயிலும் என் அம்மாவின் எரிந்த கண்ணும் அவளுக்கு ஞாபகமே இல்லை. அவள் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வாக்கியத்தை வருஷக்கணக்காக இங்கிலீஷில் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அவள் மன்னிப்புக் கேட்டிருப்பாள். வெள்ளைக்காரர்கள் மன்னிப்புக் கேட்பதில் கெட்டிக்காரர்கள். கைக்குட்டையை எடுத்து, மூக்கைச் சிந்தி, என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

ஊருக்குப் போனதும் கொஞ்சம் வஞ்சிரக் கருவாடு அனுப்ப முடியுமா என்று கெஞ்சினாள். தன் வீடு குன்றுக்கு அந்தப் பக்கம் எந்தச் சந்தில், என்ன பெயர் என்றெல்லாம் இரண்டு தடவை சொன்னாள். கட்டாயம் அனுப்புகிறேன் என்றேன்.

அவள் எழுந்து போனதும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு திடலின் மூலையிலிருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போனேன். தரை கழுவுகிற மருந்து என்று கேட்டு, புட்டி புட்டியாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கடைக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நாலாவதோ ஐந்தாவதோ புட்டியில் அதே நாற்றம் அடித்தது. வாங்கிக்கொண்டு ஓடினேன். அவள் கூடையில் அந்தச் சின்ன மீன்மேல் முழுவதையும் கவிழ்த்துவிட வேண்டும் என்று ஓடினேன். நான் பாலத்துக்குப் போவதற்குள் அவள் ஏறின பஸ் குன்றுப் பக்கம் திரும்பிவிட்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். கீழே தெளிந்த தண்ணீர், வாத்துகள், இரண்டு கரையிலும் பூ. குழந்தைகள் கை தட்டின. நான் புட்டியை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டேன். அது என் பெட்டிக்குள்ளேயே கிடந்து கடல் தாண்டி வந்தது.

குப்பத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு, கப்பலைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். அம்மா மட்டும் எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள்.

"மீன் எப்பிடி கீது?"

"நாறுதும்மா. அந்த ஊருக்குக் கடலே கிடையாது. மீன் ரயில்ல வருது."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. செவுள் எப்படி, கண் எப்படி, அழுத்தினால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் போணியைக் கெடுத்த கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மீன்காரர் துரைசானியைக் குடையை எடுக்கச் சொன்னதை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். அங்கே வாங்க வருகிறவர்கள் யாருமே மீனைத் தொடக் கூடாதா என்று கேட்டாள். கூடாது, விற்கிறவர்தான் எடுத்துத் தருவார் என்றேன். விற்கிறவர்தான் எடுத்துத் தருவாரா என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

துரைசானி கருவாடு கேட்டதையும், நான் பினாயில் புட்டி வாங்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினதையும் சொன்னேன். அம்மா எழுந்து போய், பரணிலிருந்து இருப்பதிலேயே நல்ல வஞ்சிரக் கருவாட்டை எடுத்துவந்தாள். எனக்கு வயிறெரிந்தது. இவ்வளவுக்கும் பிறகு அவளுக்கு நல்லதாகப் பொறுக்குகிறாளே என்று சண்டைக்குப் போனேன். அவள் காதில் வாங்காமல் கருவாட்டைத் துடைத்தாள், ஓலையில் வைத்தாள், கட்டுவதற்குக் கயிறு எடுத்தாள். பிறகு என் பெட்டியைக் காட்டினாள்.

"அந்தப் பாட்டில எடு."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டாள். பிறகு நிதானமாக, ஒரு இடம் விடாமல், கருவாட்டுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரித் தடவினாள்.

"அவ ஊரு சரக்கு, அவ ஊருக்கே போவட்டும்."

அவள் அதைத் தின்ன மாட்டாளே என்றேன். தின்ன வேண்டாம், மோந்து பார்த்தால் போதும், ஞாபகம் வந்துவிடும் என்றாள் அம்மா. தபாலாபீஸ் குமாஸ்தா பார்சலைத் தூரப் பிடித்துக்கொண்டு உள்ளே என்ன என்று கேட்டார். மருந்து என்றேன். எனக்கு இன்றுவரை அதில் துளி வருத்தமும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அம்மா கூடையைத் தலையில் ஏற்றினாள். ரோட்டோரத்தில் கோணி விரிக்கவில்லை. பின்னால் யாரோ பினாயில்காரி எங்கே கிளம்பிவிட்டாள் என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, சாந்தோம் ரோட்டில் நடந்தாள். நானும் கூட நடந்தேன். பாலத்தைத் தாண்டி, அதே தெருவில், அதே முதல் பங்களா வாசலில் கூடையை இறக்கினாள். அங்கே இப்போது வேறு துரை, வேறு துரைசானி. சமையற்காரர் வெளியே வந்தார், குனிந்து செவுளைத் தூக்கக் கையை நீட்டினார்.

"கைய வெக்காத. இன்னா வேணும் சொல்லு, நான் எடுத்துத் தரேன்."

அவர் நிமிர்ந்தார். இது என்ன புதுச் சட்டம், யார் போட்டது என்று கேட்டார்.

"முன்ன இந்த பங்களாவுல இருந்தாளே, அவ ஊருச் சட்டம். என் பொண்ணு நேர்ல பாத்துக்கினு வந்துகீது."

சமையற்காரர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நீட்டிய கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார். வஞ்சிரம் என்றார். அம்மா எடுத்துக் கொடுத்தாள், காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போணி ஆயிற்று.